சிறுவரும் வானொலியும்

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, எங்கள் கல்லூரியிற் பால பண்டித வகுப்பை முடித்துக்கொண்டு வீடு திரும்பியபோது, விறாந்தையிலே ஒரு மாணவியும் அவள் தாயாரும் எனக்காகக் காத்திருந்தனர். வானொலி நிலையமொன்று நடாத்தும் சிறுவர் நிகழ்ச்சியில் அப்பிள்ளைக்கு ஐந்து நிமிடம் பேசக் கிடைத்திருக்கிறதாம். "ஐயா, பிள்ளைக்கு ஒரு பேச்சு எழுதித் தரவேணும். நல்ல செந்தமிழாய் இருந்தாற் போதும். அவள் ஒரு நாளிலை பாடமாக்கிப் போடுவாள்" என்றார் தாயார்.

"நான் எழுதித் தருவதற்கில்லை, அம்மா" என்றேன்.

அம்மையார் திகைத்துப்போனார். திகைப்பதற்குக் காரணமும் உண்டு. இந்தப் பகுதியிலே வானொலிக்கும் மேடைக்கும் தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் பிள்ளைகளுக்குப் பேச்செழுதிக் கொடுப்பவன் என்று பெயர் பெற்றவன் நான். எத்தனையோ பிள்ளைகள் என் வசனங்களை மனனஞ் செய்து பரிசில் பெற்றிருக்கின்றனர். அப்படிப்பட்டவன் கையை விரித்தால் யார்தாம் திகையார்?

"பிள்ளை எதைப்பற்றிப் பேச விரும்புகிறாள்?" என்று கேட்டேன்.

"அதையும் நீங்கள்தான் சொல்லவேணும், ஐயா" என்று தாயாரே விடையிறுத்தார். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

அந்த விடை என் நெஞ்சில் நெடுநாளாய் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு வினாவை மீண்டும் எழுப்பிற்று. வானொலியிலே சிறுவர் பேசும்போது உண்மையிற் பேசுகின்றவர் யார்? சிறுவரா, அவர்தம் வாயிலிருந்து ஒலிக்கும் நாமா? இவ்வினாவை ஆசிரிய அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாமா என்னும் முறைப்பெயர்

இலங்கையில் ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16 ஆந் திகதி கொழும்பிலே முறையாகத் தொடங்கிற்று. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர் அதற்கு மூலகாரணராயிருந்தார். அதற்கு முன்னர் நிகழ்ந்த பரீட்சார்த்த ஒலிபரப்பிலே, முதலாம் உலக யுத்தத்திற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகள் பயன்பட்டன என்பர். கொலைக்கருவி இசைக்கருவியாயிற்று என்க. 1949 ஆம் ஆண்டில் அந்நிலையம் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயர் பெற்றது. 1967 இற் கூட்டுத்தாபனமாகி, நாடு குடியரசான 1972 இல் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' ஆயிற்று. பெயர் எத்துணை மாறினும் எங்களூர்ப் பெரியோர் வாயில் அஃது என்றும் 'கொழும்பு றேடியோ'தான்.

அந்த வானொலியின் தமிழ்ப் பகுதியிலே 'சிறுவர் மலர்' என்றொரு நிகழ்ச்சி இருந்தது. அதனை நடாத்திய சரவணமுத்து அவர்கள் நாடெங்கணும் 'வானொலி மாமா' என்றே அறியப்பட்டார். பிள்ளைகள் கலையகத்துக்கு வந்து பாடினர், கதை சொன்னர், சிறு நாடகம் நடித்தனர். வர முடியாத தூரத்துப் பிள்ளைகள் தபாலட்டை எழுதினர். பின்னாளிலே தமிழுலகெங்கும் புகழ்பெற்ற அறிவிப்பாளராகிய பி. எச். அப்துல் ஹமீட் அவர்களும் சிறுவனாயிருந்தபோது அந்த மலரில் ஓர் அரும்பாய் நுழைந்தவரே. சிங்கள ஒலிபரப்பிலும் இத்தகைய வரலாறே உண்டு. 'சிறி ஐயா' என்று பிள்ளைகள் அழைத்த யூ. ஏ. எஸ். பெரேரா அவர்களின் 'லமா பிட்டிய' என்னும் சிறுவர் நிகழ்ச்சி வாயிலாகவே கருணாரத்ன அபேசேகர வானொலிக்கு வந்தார். அவர் பின்பு பெரும் பாடலாசிரியராகவும், கிரிக்கெட் ஆட்டத்தைச் சிங்களத்திலே கண்முன் நிறுத்திய வருணனையாளராகவும் விளங்கினார். ஆகவே, சிறுவர் நிகழ்ச்சி பொழுதுபோக்கு மாத்திரமன்று. ஒலிபரப்புக் கலைக்கே அது நாற்றுமேடையாய் இருந்தது.

'மாமா' என்னும் அம்முறைப்பெயரை நான் பலகாற் சிந்தித்ததுண்டு. நிகழ்ச்சியை நடாத்துபவர் ஏன் 'தந்தை' ஆகவில்லை? ஏன் 'ஆசிரியர்' ஆகவில்லை? நம்மவர் குடும்பத்திலே தந்தை கண்டிப்பவர், ஆசிரியர் பிரம்பெடுப்பவர். தாய்மாமனோ தோளிலேற்றித் தேர் காட்டுபவன். மருமக்கள் பிழைவிட்டாற் சிரிப்பவன். பிழைக்கு அஞ்சாத இடத்திலேதான் பிள்ளை வாய் திறக்கும். சென்னை வானொலியில் அவர் 'வானொலி அண்ணா' ஆனார். உறவு மாறினும் உட்கருத்து ஒன்றே. ஆங்கில நாட்டாரும் இதனை அறிந்திருந்தனர். பி.பி.சி. 1922 முதல் 1964 வரை நடாத்திய சிறுவர் நிகழ்ச்சியிலே அறிவிப்பாளர்கள் மாமன்மாராகவும் மாமிமாராகவுமே தம்மை அழைத்துக்கொண்டனர்.

அந்த நிகழ்ச்சியிலேதான், பின்னாளில் அரசியாய் முடிசூடிய எலிசபெத், பதினான்கு வயதுச் சிறுமியாக 1940 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 13 ஆந் திகதி முதன்முதலில் வானொலியிற் பேசினார். குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பெற்றோரைப் பிரிந்து வெளியூர்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு ஆறுதல் கூறும் பேச்சு அது. செப்பமாக அமைந்த அப்பேச்சின் முடிவிலே, அருகிருந்த தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவளையும் இரவு வணக்கங் கூறச் செய்தார். அப்பேச்சின் பதிவைக் கேட்குந்தோறும் என் மனத்தைத் தொடுவது அந்த ஒரு கூப்பாடே. அதுகாறும் ஓர் இளவரசி பேசினாள். அக்கணத்தில் ஓர் அக்காள் பேசினாள்.

பிறப்பியலும் ஒலிவாங்கியும்

வானொலியாற் பிள்ளைகள் பெறும் பயன் யாது என்று வினவுவோர்க்கு, ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்திலே பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. வயிற்றின் அடியிலிருந்து மேலெழும் மூச்சு எங்கெங்கே தங்குகிறது, எந்த உறுப்பின் முயற்சியால் எந்த எழுத்தாகிறது என்பதை ஆசிரியர் அங்கே நுணுக்கமாக வகுத்துரைக்கின்றார். பண்டித வகுப்பிலே அதனை நாங்கள் நெட்டுருப் பண்ணினோம். பகரமும் மகரமும் இதழிரண்டும் கூடப் பிறக்கும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். ஆயின், அதன் மெய்ப்பொருளை என் மாணாக்கர் அறிந்தது கலையகத்திலே, ஒலிவாங்கியின் முன்பேயாம்.

ஒரு சிறுமி 'பாப்பா' என்று தொடங்கியதும் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒலிவாங்கியிலே 'டப்' என்ற வெடிப்பு. 'மாமா' என்று சொல்லச் சொன்னார், வெடிப்பில்லை. இரண்டும் இதழில் பிறப்பனவே, ஒன்று வெடிப்பானேன்? பகரத்தில் இதழ் அடைத்து வைத்த மூச்சு ஒருங்கே வாய்வழி பாய்கிறது. மகரத்தில் அது மூக்குவழி கசிந்துவிடுகிறது. அதனாலன்றோ மகரத்தை மெல்லினத்திலும் பகரத்தை வல்லினத்திலும் வைத்தனர்! முகத்தைச் சிறிதே ஒருபுறம் சாய்த்துப் பேசினால் மூச்சு ஒலிவாங்கியின்மீது நேரே மோதாது என்று ஒலிப்பதிவாளர் காட்டினார். வகுப்பறையில் ஒரு தவணை முழுதுங் கற்பித்தும் ஏறாத பாடம் ஒரு கணத்தில் ஏறிற்று.

அங்கே கற்பன இன்னும் பல. தாளைப் புரட்டும் சரசரப்பு மழைபோற் கேட்குமாதலின், தாள்களை இணைக்காது தனித்தனியே வைத்து ஓசையின்றி நகர்த்த வேண்டும். செந்நிற விளக்கு எரியும்போது தும்மலும் அடக்கப்பட வேண்டும். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடமே; நம்முடைய கூட்டங்களின் ஐந்து நிமிடமன்று. இவையெல்லாவற்றினும் மேலான பாடமொன்று உண்டு. பேச்சுப் போட்டிக்குப் பழகிய பிள்ளை, "அவையோர்களே!" என்று கையை வீசி முழங்கத் தொடங்கும். நிகழ்ச்சித் தயாரிப்பாளராகிய ஒரு பெரியவர் என் மாணவனொருவனிடம் மெல்லச் சொன்னார்: "தம்பி, இஞ்சை சபை ஒண்டுமில்லை. உன்ரை அம்மம்மா அடுப்படியிலை இருந்து கேக்கிறா எண்டு நினை. அவவுக்குச் சொல்லு." பையனின் தோள்கள் தாழ்ந்தன, குரல் இயல்பாயிற்று. ஆயிரம் பேர் கேட்பினும் ஒருவரோடு பேசுவதுபோலப் பேசுவதே வானொலிப் பேச்சு. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான சோ. சிவபாதசுந்தரம் அவர்கள் 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதியதும், அது தனியே பயிலவேண்டிய கலை என்பதனாலன்றோ?

சில்லுச் சுழற்றிய கைகள்

சிறுவர் வானொலியிற் பங்குகொண்ட வகைகளுள் எந்த ஒலிபரப்பு வரலாற்றிலும் இடம்பெறாத ஒன்றையும் இங்கே குறித்தல் வேண்டும்.

1990 ஆம் ஆண்டிலிருந்து சில வருடங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. ஆயினும் உலகச் செய்தியும் நாட்டுச் செய்தியும் அறியாது எவ்வாறு இருப்பது? துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சில்லோடு டைனமோவைப் பொருத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி வானொலியை இயக்கினோம். மாலையானால் வீட்டு முற்றத்தில் அயலவர் கூடுவர். பி.பி.சி. யின் தமிழோசை ஒலிக்கும். மணிலாவிலிருந்து வெரித்தாஸ் ஒலிக்கும். பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பர். சில்லைச் சுற்றுகிறவர் யார்? பெரும்பாலும் சிறுவரே. மெல்லச் சுற்றினாற் குரல் மங்கி இழுபடும். விரைந்து சுற்றினாற் கருவி பழுதாகும். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றுவர்.

அக்காலத்தில் நான் புதிதாக ஆசிரியத் தொழிலுக்கு வந்தவன். ஒருநாள் செய்தி முடிந்ததும், அரைமணி நேரமாகச் சில்லுச் சுற்றிய அயல்வீட்டுப் பையன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: "எங்களைப் பற்றி ஏதும் சொன்னவையே, அண்ணை?" சில்லின் இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"இல்லை" என்றேன். அவன் வண்டியை நிமிர்த்தி உருட்டிக்கொண்டு போனான்.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆந் திகதியோடு நின்றது. அச்செய்தி கேட்ட அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அறிவிப்பாளர் எவருடைய குரலுமன்று; அந்தப் பையனின் வினாவே. தன் கை வலியால் வானொலியை வாழவைத்தவன், அதிலே தன்னைப்பற்றி ஒரு சொல்லும் கேட்டிலன்.

என் பிழை

இனி, பேச்செழுதிக் கொடுப்பதை நான் விட்ட கதையைச் சொல்ல வேண்டும். என் பிழையை நானே சொல்வதாதலின் சிறிது நாணமும் உண்டு.

2003 ஆம் ஆண்டு. போர்நிறுத்தம் நிலவிய காலம். ஏ9 பாதை திறந்திருந்தது. தீவகத்துக் கரையோரப் பாடசாலையொன்றில் அப்போது நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு வானொலி நிலையம் வடக்கிலிருந்து பிள்ளைகளை அழைத்து ஒரு சிறுவர் நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்ய விரும்பிற்று. எட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அவர்களுள் ஒருவன் கடற்றொழிலாளியின் மகன். எட்டாம் வகுப்பு மாணவன். "நீ கடலைப்பற்றிப் பேசு" என்றேன். அவன் இரண்டு நாளில் கொப்பித்தாளிலே தானாக ஒரு பக்கம் எழுதி வந்தான்.

நான்கு காற்றைப்பற்றி எழுதியிருந்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான். எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும், எந்தக் காற்றுக்கு நீரோட்டம் எப்படி மாறும், சோழகம் எழும்பினால் ஏன் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டுச் சும்மா இருக்கவேண்டி வரும், அந்த நாட்களில் வீட்டிலே என்ன சமைப்பார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தான். எழுத்துப்பிழை மலிந்த எழுத்து. வசனம் பேச்சு வழக்கு.

நான் செங்கோலை எடுத்தேன். அதாவது, சிவப்புப் பேனாவை. பண்டை இலக்கியத்தில் நாற்றிசைக் காற்றுக்கும் அழகிய பெயர் உண்டு. கீழ்காற்று கொண்டல், மேல்காற்று கோடை, வடகாற்று வாடை, தென்காற்று தென்றல். பையனின் பட்டியலில் இரண்டு பெயர் சரியாயிருந்தன. மற்றை இரண்டும் கொச்சை என்று கருதினேன். அகராதியைப் பார்த்தேன், சோழகம் என்பதற்குத் தென்காற்று என்றே பொருள் கண்டிருந்தது. தென்காற்றுத் தென்றல் அன்றோ எனத் துணிந்தேன். கச்சானை வெட்டிக் 'கோடை' என்றும், சோழகத்தை வெட்டித் 'தென்றல்' என்றும் திருத்தினேன். வீட்டுச் சமையலைப்பற்றிய பகுதி வானொலிக்கு ஏற்றதன்று என நீக்கினேன். மிகுதியைச் செந்தமிழாக்கி, எதுகையும் மோனையும் பெய்து கொடுத்தேன். பையன் வாங்கி வாசித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னர், "சரி, ஐயா" என்றான்.

கொழும்பிலே அவன் பிழையின்றி வாசித்தான். எல்லோரும் பாராட்டினர். எனக்கும் பெருமை. சில வாரத்தில் அது ஒலிபரப்பாயிற்று. கரையிலே வாடிக்கு வாடி வானொலியைத் திறந்துவைத்து ஊரே கேட்டதாம். தென்றல் எழுந்து வீசத் தொடங்கினால் மீனவர் அஞ்சித் தம் கலங்களைக் கரை சேர்ப்பர் என்று அவன் வாயினாலே ஊரார் கேட்டனர்.

அடுத்த வாரம் அவன் தந்தையார் பாடசாலைக்கு வந்தார். வாசலிலே நின்றபடி, "ஐயா, கோவிக்கக் கூடாது. ஒரு சந்தேகம் கேக்க வந்தனான். தென்றலுக்குப் பயந்து ஆரும் வள்ளத்தைக் கரையிலை ஏத்துவினமோ?" என்றார்.

நான் என்ன சொல்ல? சோழகம் தென்றிசையிலிருந்து வருவது உண்மை. ஆனால் அது சந்தனப் பொதிகையின் மென்காற்றன்று. வைகாசி தொடங்கி மாதக்கணக்காகத் தீவகத்துப் பனைகளை உலுக்கி, கடலைக் கொந்தளிக்கச் செய்து, அடுப்பை அணைக்கும் காற்று. திசை ஒன்றாயினும் பொருள் வேறு. அகராதி திசையைச் சொல்லிற்று; பையன் பொருளைச் சொன்னான். நான் அகராதியை நம்பினேன்.

பையனைத் தனியே அழைத்து, "உனக்குப் பிழையென்று தெரிந்ததா?" என்று கேட்டேன்.

"தெரியும், ஐயா."

"பின்னை ஏன் வாசித்தாய்?"

"நீங்கள் எழுதித் தந்தனீங்கள்."

இந்த மூன்று சொல் என்னைச் சுட்டதுபோல் என் வாழ்நாளில் வேறெதுவும் சுட்டதில்லை. பெரியோர் சொற் கேள் என்று நாம் கற்பித்தது, மெய்யென்று தான் அறிந்ததையும் விட்டுக்கொடுக்க அவனைப் பழக்கியிருக்கிறது. கரையிலே பிள்ளைகள் அவனுக்குத் 'தென்றல்' என்று பட்டப்பெயர் வைத்தனர். அதன்பின் வகுப்பிலே அவன் கை உயர்ந்ததை நான் கண்டிலேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டுக் கடலுக்குப் போய்விட்டான். அதற்கு வறுமையும் காரணமாகலாம். ஆயினும் என் சிவப்புப் பேனா அக்கணக்கிற் சேராது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

குரல் யாருடையது?

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1989 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களிலே தன் கருத்தைத் தடையின்றிச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டென்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்கப்பட வேண்டுமென்றும் கூறுகின்றது. தகவலையும் எண்ணத்தையும் எந்த ஊடகத்தின் வாயிலாகவும் தேடவும் பெறவும் பிறர்க்கு வழங்கவும் உள்ள சுதந்திரத்தை 13 ஆம் உறுப்புரை வழங்குகின்றது. இலங்கை 1991 இல் அச்சமவாயத்தை உறுதிப்படுத்திற்று. அதே ஆண்டிலேதான் யுனிசெப் நிறுவனம் சர்வதேசச் சிறுவர் ஒலிபரப்பு நாள் என்பதையுந் தொடக்கிவைத்தது. வானொலியையும் தொலைக்காட்சியையும் ஒரு நாளேனும் பிள்ளைகள் கையிற் கொடுங்கள் என்பதே அதன் உட்கருத்து. அகில இந்திய வானொலி 1969 ஆம் ஆண்டிலேயே தில்லியில் 'யுவ வாணி' என்னும் இளைஞர் ஒலிபரப்பை ஆரம்பித்து, இளைஞரையே நிகழ்ச்சி நடாத்தச் செய்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இவையெல்லாம் நன்று. ஆயின், பிள்ளையை ஒலிவாங்கியின் முன்னே இருத்துவது வேறு. பிள்ளையின் குரலை ஒலிவாங்கிக்குக் கொடுப்பது வேறு. முன்னையது எளிது. நாம் எழுதியதைப் பிள்ளை ஒப்புவித்தால், நாம் கேட்பது நம் குரலின் எதிரொலியே. வள்ளுவர் மக்கட்பேற்றிலே மழலையை இன்னிசைக்கும் மேலாக வைத்தது அது திருத்தமான பேச்சு என்பதனாலா? அது பிள்ளையின் சொந்தச் சொல் என்பதனாலன்றோ?

அப்படியாயின் மொழித்தூய்மை வேண்டாவோ என்று என் சக பண்டிதர்கள் வினவக்கூடும். வேண்டும். இக்காலத்து ஒலிபரப்புகள் சிலவற்றிலே ஆங்கிலமும் தமிழும் பிணைந்து ஓடும் ஓட்டத்தைக் கேட்டு வருந்துபவர்களுள் நானும் ஒருவன். ழகரம் ழகரமாக ஒலித்தல் வேண்டும். வசனம் முடிபு கொள்ளல் வேண்டும். ஆயின், ஒலியைத் திருத்துவது ஆசிரியன் கடமை. பொருளை அபகரிப்பது அவன் உரிமையன்று. சோழகமும் கச்சானும் கொச்சையல்ல. ஏட்டில் ஏறாது கடலோடிகள் நாவிலே தங்கிய தமிழ்ச் செல்வம். வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் முதலாகக் கொண்டே நம் இலக்கணம் எழுந்தது. நான் செய்யுளைப் பற்றிக்கொண்டு வழக்கைக் கைவிட்டேன்.

ஆசிரிய அன்பர்களுக்கு என் அனுபவத்திற் கண்ட சிலவற்றைக் கூறுகிறேன். முதலாவது, முழுப்பேச்சையும் எழுதிக் கொடாதீர்கள். பிள்ளை தானே சொல்லட்டும். சொல்லியதிலிருந்து நான்கைந்து குறிப்புச் சொற்களை மாத்திரம் தாளில் எழுதி வைக்கட்டும். இரண்டாவது, பொதுப்பொருளைக் கொடாதீர்கள். 'கடலின் பயன்' என்றால் எல்லாப் பிள்ளையும் ஒன்றையே பேசும். 'நேற்று உங்கள் கரையில் என்ன நடந்தது' என்றால் ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு பேசும். மூன்றாவது, பேசுவதற்கு முன் கேட்கப் பழக்குங்கள். ஊரிலே ஒரு முதியவரைக் கண்டு மூன்று வினாக் கேட்டு, விடையைக் கைத்தொலைபேசியிலே பதிவுசெய்து வரச் சொல்லுங்கள். நல்ல வினாவைக் கேட்கத் தெரிந்த பிள்ளை நல்ல விடையையும் சொல்லும். நான்காவது, கலையகம் தூரமாயிற்றே என்று தயங்காதீர்கள். 1981 ஆம் ஆண்டு தொடங்கிய மகாவலி சமூக வானொலியினர் தாமே குடியேற்றக் கிராமங்களுக்குச் சென்று தங்கி, மக்களின் பாட்டையும் பேச்சையும் அவர்களுடைய இடத்திலேயே பதிவு செய்தனர். ஒலிவாங்கி பிள்ளையிடம் போகலாம். பாடசாலைக் காலைக் கூட்டத்து ஒலிபெருக்கியும் ஒரு வானொலியே.

இந்த நான்காவது முறையை நானே சென்ற ஆண்டு கையாண்டேன். என் மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு அத்தீவகத்துக் கரைக்குப் போனேன். பழைய பையன் இப்போது முப்பது கடந்த குடும்பஸ்தன்; சொந்த வள்ளம் உண்டு. நாங்கள் போனது சோழகக் காலம். வள்ளங்கள் கரையில் இருந்தன. காற்றுகளைப்பற்றி மாணவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டேன். வலையைத் தைத்தபடியே தலையை நிமிர்த்தாமல், "இதிலை தென்றல் வராது, ஐயா. பறவாயில்லையோ?" என்றான்.

"வரவே கூடாது" என்றேன். அவன் சிரித்தான். இருபது நிமிடம் பேசினான். சோழக நாளில் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்பதையும் சொன்னான். அப்பதிவிலே காற்றின் இரைச்சலும் கலந்திருந்தது. அதனை நாங்கள் அகற்றவில்லை.

இனி, விறாந்தையிலே நிற்க வைத்துவிட்ட அந்த மாணவியிடம் வருவோம். தாயாரை இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம், "விடிந்தெழுந்ததும் நீ முதலிற் செய்யும் வேலை என்ன?" என்று கேட்டேன்.

நெடுநேரம் பேசாதிருந்து, "தண்ணி அள்ளப் போறனான், ஐயா. எங்கடை கிணறு சவராய்ப் போச்சு. அங்காலை கோயிலடிக் கிணத்துக்குத்தான் போகவேணும்" என்றாள்.

"அதையெல்லாம் றேடியோவிலை சொல்லுறதே?" என்று தாயார் கூசினார்.

"அதைத்தான், அம்மா, சொல்லவேணும்" என்றேன்.

பிள்ளை இரண்டு வாரம் வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிப் பழகினாள். எத்தனை குடம், எத்தனை நடை, கிணறு எந்த ஆண்டில் மாறத் தொடங்கிற்று என்று பாட்டியாரைக் கேட்டு வந்தாள். நான் ழகரத்தைத் திருத்தினேன், மூச்சு விடவேண்டிய இடத்தைக் காட்டினேன், வேறொன்றுஞ் செய்திலேன். ஒலிபரப்பான அன்று மாலை வீட்டிலிருந்து தனியே கேட்டேன். 'உவர்' என்பது இலக்கியச் சொல். அவள் ஐந்து நிமிடமும் 'சவர்' என்றே சொன்னாள். மேசைமேல் சிவப்புப் பேனா கிடந்தது. அது கிடந்தபடியே கிடந்தது.